படிக்காமலே வந்த பதில்: ஒரு வேலை தேடல், ஒரு நிகழ்வு ஆய்வு

"மெஷின் தானே வேணாம்னு சொல்லுச்சு, மனுஷன் சொல்லலையே, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ மனசு ஒடஞ்சு போறீங்க?" வேலை தேடுறவங்க கிட்ட இத நிறைய பேர் கேக்குறாங்க, வீட்டுல இருக்கவங்களே கேக்குறாங்க. இந்த கேஸ எழுதுறதே அந்த கேள்விக்காகத்தான். நான் பாத்த வரைக்கும் ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்து "உங்களுக்கு இது சரி வராது சார்"னு சொன்னா அத ஜனங்க கொஞ்ச நாள்ல தாண்டி வந்துடுறாங்க, கோவப்படுவாங்க, நாலு பேர்கிட்ட அந்த ஆள திட்டுவாங்க, முடிஞ்சுது. யாருமே பாக்காம வர்ற "வேணாம்" தான் மாசக்கணக்குல உள்ளயே கெடந்து அரிக்குது.

ரெஸ்யூம் திருத்தி குடுக்குறது, இன்டர்வியூக்கு தயார் பண்றது, நடுநடுவுல புலம்பல கேக்குறது, இதெல்லாம் தான் என் வேலை. இதுல வர்றவர்கிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன். ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்திருக்கேன்.

அவர் 40 தாண்டினவர். பேரோல் செக்ஷன். ஒரே கம்பெனில பல வருஷம், சம்பளம் போடுறதுல தப்பே விடாத ஆள்னு பேரு. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா ஆனதும் வேலைய விட்டுட்டு அவர பாத்துக்கிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல. அப்பா போன பிறகு தான் திரும்ப வேலை தேட ஆரம்பிச்சார். கடைசியா அவர் வேலை தேடுன காலத்துல பேப்பர் ரெஸ்யூம எடுத்துட்டு போய் ரிசப்ஷன்ல குடுத்தா யாராவது ஒருத்தர் வாங்கி புரட்டிப் பாப்பாங்க, பாக்குற மாதிரி நடிக்கவாவது செய்வாங்க.

இப்ப என்ன நடந்துச்சுன்னா, முதல்ல போர்ட்டல், அதாவது கம்பெனியோட விண்ணப்ப வெப்சைட். ரெஸ்யூம அப்லோட் பண்ணுங்கன்னு கேக்கும், பண்ணுவார், அது தானா படிச்சு கட்டங்கள நிரப்பும், நிரப்புறப்ப கம்பெனி பேர கொண்டு போய் டிகிரி கட்டத்துல போட்டு வைக்கும், வேலைல சேந்த வருஷத்த பிறந்த வருஷமா எடுத்துக்கும், அப்புறம் எல்லாத்தையும் கையாலயே திரும்ப அடிக்கணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் புது லாகின், புது பாஸ்வேர்ட். இதெல்லாம் எரிச்சல் தான், காயம் இல்ல. காயம் அடுத்த பக்கத்துல இருந்துச்சு. "கடந்த 6 மாதங்களுக்குள் பணியில் இருந்தீர்களா?" ரெண்டு பட்டன், ஆம், இல்லை. காரணம் எழுத இடம் கிடையாது.

அந்த பக்கத்த அவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். கூட ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். "மேடம், எங்கப்பாவ நான் பாத்துக்கிட்டதுக்கு இதுல எந்த பட்டன் மேடம்?"

இல்லைன்னு அமுக்கினார். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உக்காந்து அனுப்பின விண்ணப்பம் அது, லேப்டாப்ப மூடி வெக்குறதுக்குள்ள மெயில் வந்துடுச்சு, "உங்கள் தகுதிகளை கவனமாக பரிசீலித்த பின்" அப்படின்னு ஆரம்பிச்சு. மறுநாள் போன்ல சொன்னார், "அது ரெண்டு பக்க ரெஸ்யூம் மேடம், எழுதுன நானே முழுசா படிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். திட்டிருந்தா கூட பரவால்ல, படிச்சிட்டு திட்டிருக்கலாம்."

இங்க ஒரு விஷயத்த தெளிவா சொல்லிடணும், ஏன்னா இத பத்தி வதந்தி ஜாஸ்தி. ஏதோ ஒரு ஏஐ ரெஸ்யூம அலசி ஆராஞ்சு மார்க் போட்டு குப்பைல போடுதுன்னு எல்லாரும் நெனைக்குறோம். 75 சதவீத ரெஸ்யூம மனுஷங்க பாக்குறதே இல்லைன்னு ஒரு கணக்கு வேற சுத்திட்டு இருக்கு, அதுக்கு பின்னாடி உருப்படியான ஆய்வு எதுவும் கிடையாது. இவர் விஷயத்துல நடந்தது அவ்ளோ பெரிய புத்திசாலித்தனம் எல்லாம் இல்ல. ஹெச்ஆர்ல யாரோ ஒருத்தர் என்னைக்கோ ஒரு நாள் "இந்த கேள்விக்கு இல்லைன்னா கழட்டி விட்டுடு"ன்னு ஒரு டிக் போட்டு வெச்சிருக்காங்க, அவ்ளோதான். நாக்அவுட் கேள்வின்னு அந்த துறைல சொல்வாங்க. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்ச்சர்ங்கிற ஆலோசனை நிறுவனமும் 2021ல அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி கம்பெனிகள்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி கம்பெனி 6 மாசத்துக்கு மேல இடைவெளி இருந்தாலே தள்ளி விட்டுடுறதா தெரிய வந்துச்சு. அதே ஆய்வுல 88 சதவீத முதலாளிமார் தரப்பு, நல்ல திறமை இருக்குற ஆளுங்களும் சொன்ன நிபந்தனைக்கு அச்சு அசலா பொருந்தலைன்னு வடிகட்டப்படுறாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. தெரிஞ்சே தான் நடக்குது.

இன்னொரு வேடிக்கை, சில மென்பொருள்ல அந்த ரிஜெக்ட் மெயில உடனே போக விடாம சில மணி நேரமோ சில நாளோ தள்ளி அனுப்ப செட்டிங் இருக்கு, அப்பதான் யாரோ உக்காந்து யோசிச்ச மாதிரி தெரியுமாம். இவருக்கு உடனே வந்த மெயில விட அது மோசம்னு நான் சொல்வேன், உடனே வந்ததாவது பொய் சொல்லத் தெரியாம மாட்டிக்கிச்சு.

அமெரிக்காவுல, ஆள் எடுக்குறதுக்கான மென்பொருள் விக்கிற வொர்க்டே நிறுவனத்து மேல மோப்ளிங்கிறவர் போட்ட வழக்குலயும் இந்த நேரம் தான் ஒரு முக்கியமான புள்ளி. 40 வயசு தாண்டின மனுதாரர், 100க்கும் மேல வேலைக்கு அப்ளை பண்ணி எல்லாத்துலயும் நிராகரிக்கப்பட்டதா சொல்றார், அதுல ஒண்ணு அப்ளை பண்ணி ஒரு மணி நேரம் கூட ஆகாம ராத்திரி 1:50க்கு வந்துச்சாம். 2023ல போட்ட கேஸ். 2024 ஜூலைல, கம்பெனிகளோட ஏஜென்ட் மாதிரி நடந்துக்கிட்டதுன்னு பாத்தா மென்பொருள் விக்கிற நிறுவனத்து மேலயும் வழக்க நடத்தலாம்னு கோர்ட் விட்டுச்சு, 2025 மே மாசம் அதே மாதிரி 40 தாண்டின மத்தவங்களும் சேந்துக்க முதல்கட்ட அனுமதி குடுத்துச்சு. பாரபட்சம் எதுவும் இல்ல, முடிவெடுக்குறது எங்க கஸ்டமர் தான்னு அந்த நிறுவனம் மறுக்குது. வழக்கு எப்படி முடிஞ்சாலும் அந்த 1:50 எனக்கு மறக்காது, ஏன்னா எங்கிட்ட வர்றவங்க எல்லார் போன்லயும் அந்த மாதிரி நேரத்துல வந்த மெயில் ஒண்ணாவது இருக்கு.

சரி, இவர் கதைக்கு வரேன். அடுத்து வீடியோ இன்டர்வியூ. எதிர்ல ஆள் இல்லாத இன்டர்வியூ. திரைல கேள்வி எழுத்தா வரும், யோசிக்க 30 செகண்ட், அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு, செவப்பு புள்ளி எரியும், ரெண்டு நிமிஷம் பேசணும். ஓரத்துல தன் மூஞ்சி தனக்கே தெரியும். ரெண்டாவது கேள்விக்கு சொல்ல வேண்டியத எல்லாம் முக்கா நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டார். மீதி நேரம் ஓடிட்டே இருக்கு. பேச்சுல நம்ம எதிர்ல இருக்கவங்க "ம்ம்"னு தலையாட்டுறத பாத்து தானே இன்னும் கொஞ்சம் சொல்லலாமா நிறுத்தலாமான்னு முடிவு பண்றோம், அந்த "ம்ம்" இல்லாம அவருக்கு கை கால் ஓடல. "நன்றி"ன்னு சொல்லிட்டார், அப்புறமும் நேரம் ஓடுது, அப்புறம் "அவ்ளோதான்"னு சொன்னார், அப்பவும் ஓடுது, சிரிச்சு பாத்தார். அந்த சிரிப்ப தானே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த நேரத்த பத்தி தான் எங்கிட்ட ரொம்ப பேசினார். ரிசல்ட் பத்தி கூட அவ்ளோ பேசல. "ஒரு பிச்சைக்காரன் மாதிரி இருந்துச்சு மேடம் என் மூஞ்சி." பல வருஷம் நூத்துக்கணக்கான பேருக்கு சம்பளம் போட்ட மனுஷன்.

பதில் வரவே இல்ல. ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல.

அதுக்கப்புறம் தான் அவர்கிட்ட ஒரு மாற்றம் பாத்தேன், இந்த கேஸ்ல எனக்கு முக்கியமா படுறது அதுதான். காரணம் சொல்லாத எடத்துல மனுஷன் தானா ஒரு காரணத்த போட்டு நிரப்பிக்கிறான். மொதல்ல சின்ன சின்ன காரணம். பின்னாடி இருந்த அலமாரி தப்போ? ஏன்னா அவர் எங்கயோ படிச்சிருக்கார், ஜெர்மனில பவேரியா மாநில ஒளிபரப்பு நிறுவனம் 2021ல ஒரு வீடியோ இன்டர்வியூ மென்பொருள சோதிச்சு பாத்தப்ப, அதே ஆள் அதே பதில சொல்லியும் கண்ணாடி போட்டா ஒரு மார்க்கு, தலைல துணி கட்டுனா ஒரு மார்க்கு, பின்னாடி புக் ஷெல்ஃப் இருந்தா ஒரு மார்க்குன்னு குணத்தையே மாத்தி மாத்தி சொல்லுச்சு. அது உண்மையான செய்தி தான். ஹயர்வியூ மாதிரி பெரிய வீடியோ இன்டர்வியூ நிறுவனமே முகத்த வெச்சு மதிப்பிடுறத விட்டுட்டதா 2021 ஜனவரில அறிவிச்சாங்க, ஐரோப்பிய யூனியன்ல வேலை சம்பந்தப்பட்ட இடத்துல முகத்த பாத்து உணர்ச்சி கண்டுபிடிக்கிற ஏஐக்கு 2025 பிப்ரவரில இருந்து தடையே இருக்கு. இவர் பேசின போர்ட்டல் முகத்த பாக்குதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, அங்க எழுதியும் இல்ல. தெரியாததால அலமாரிய நகத்தினார். மூக்குக்கண்ணாடிய கழட்டிட்டு பேசி பாத்தார், கேள்விய படிக்க முடியல. செவ்வாய்க்கிழமை காலைல அனுப்புனா நல்லதாம், ஃபைல் பேர்ல கோடு போட்டா தான் மெஷின் படிக்குமாம், ரெஸ்யூம்குள்ள கண்ணுக்கு தெரியாத வெள்ளை எழுத்துல வேலை விளம்பரத்த ஒளிச்சு வெக்கணுமாம், எல்லாத்தையும் பண்ணார். படிச்ச மனுஷன், கணக்கு பாக்குற மனுஷன், ராசி பாக்க ஆரம்பிச்சுட்டார்.

அப்புறம் காரணம் பெருசாச்சு. வயசாயிடுச்சு. நான் பழைய ஆளு. அந்த கம்பெனில என்ன வெச்சிருந்ததே பாவம் பாத்து தான் போல. ஓஃபர் ஷரோன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர், அமெரிக்காவுலயும் இஸ்ரேல்லயும் வேலை போன ஆபிஸ் ஊழியர்கள ஒப்பிட்டு பாத்து 2013ல எழுதினார். இஸ்ரேல்ல இத்தன வயசு, இத்தன வருஷம், இந்த டிகிரின்னு அளவுகோல வெச்சு கழிச்சதால ஜனங்க அமைப்ப திட்டினாங்க. அமெரிக்காவுல "எங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகுதா"ன்னு ஆள பாக்குற முறை, அங்க தோத்தவங்க எங்கிட்ட தான் ஏதோ கோளாறுன்னு தங்களையே திட்டிக்கிட்டாங்க. இவர் மாட்டினது ரெண்டும் கலந்த எடத்துல. பட்டன்ல அளவுகோல வெச்சு கழிக்கிறாங்க, வீடியோல ஆள எடை போடுறாங்க, எதுல விழுந்தோம்னு சொல்ல மாட்டாங்க. அப்ப மனசு எந்த பக்கம் சாயும்? தன்ன குத்துற பக்கம் தான்.

இப்ப அந்த ஆரம்ப கேள்வி. மெஷின் தானே? கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் ஒரு பந்து விளையாட்ட வெச்சு பல சோதனை பண்ணிருக்காங்க. திரைல மூணு பேர் பந்து போட்டு பிடிப்பாங்க, கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் உங்களுக்கு போடாம அவங்களுக்குள்ளயே போட்டுப்பாங்க, அவ்ளோதான் விளையாட்டு. இந்த சின்ன விஷயத்துக்கே ஜனங்களுக்கு சுயமரியாதை, நாமளும் இதுல ஒருத்தர்ங்கிற எண்ணம், நம்ம கைல ஏதோ இருக்குங்கிற எண்ணம், நாம இருக்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குங்கிற எண்ணம் எல்லாமே எறங்கிடுது. 2004ல வந்த ஆய்வுல ஒரு படி மேல போய், எதிர்ல ஆடுறது மனுஷங்க இல்ல, வெறும் கம்ப்யூட்டர்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அப்பவும் எறங்குச்சு. கம்ப்யூட்டர்னு தெரிஞ்சும் வலிச்சுது. வெறும் பந்துக்கே இப்படின்னா, சம்பளமும் மரியாதையும் குடும்பமும் தொங்கிட்டு இருக்குற விஷயத்துல "மெஷின் தானே"ன்னு சொல்றது எவ்ளோ அபத்தம்.

அந்த கட்டத்துல அவர் என்ன பண்ணிட்டு இருந்தார்னா, ஒரு எக்ஸெல் ஷீட். பேரோல் ஆள் இல்லையா, எல்லாம் பக்காவா. கம்பெனி பேரு, தேதி, பதவி, நிலைமை. நிலைமைன்ற வரிசைல செவப்பு கொஞ்சம், மீதி எல்லாம் மஞ்சள், மஞ்சள்னா பதில் இல்ல. மஞ்சள அழிக்க மனசு வராது, ஒருவேளை கூப்பிட்டா? அந்த மஞ்சளுக்காகவே போன கைலயே வெச்சிருப்பார், பாத்ரூமுக்கும் எடுத்துட்டு போவார். பாலின் பாஸ்னு ஒரு ஆய்வாளர், போர்ல காணாமப்போன வீரர்களோட குடும்பங்கள பாத்துட்டு, முடிஞ்சுதா முடியலையான்னே தெரியாத இழப்ப பத்தி 1970கள்லயே எழுதினாங்க, துக்கம் பண்ணவும் முடியாது, விட்டுட்டு போகவும் முடியாது. அதயும் வேலைக்கு பதில் வராததயும் ஒரே தராசுல வெக்க மாட்டேன், அது வேற அளவு வலி. ஆனா மஞ்சள் கட்டம் பண்ற வேலை அதே ஜாதி.

சாயந்தரம் வாக்கிங் போறத நிறுத்திட்டார், யாராவது "என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்கன்னு. நேரம் நிறைய இருந்தும் ஒரு போன் பண்ண ஒரு நாள் முழுக்க எடுத்துக்கிட்டார். வேலை இல்லாதவங்களுக்கு நேரம் இப்படி கொழகொழன்னு ஆயிடுறது புதுசு இல்ல, ஆஸ்திரியாவுல மாரியன்தால்ங்கிற ஊர்ல ஆலை மூடினப்ப மாரி யஹோடாவும் கூட்டாளிகளும் பண்ண ஆய்வு 1933லயே வெளிவந்துச்சு, அங்க ஆம்பளைங்க தெருவுல நடக்குற வேகமே கொறஞ்சு போச்சு, நேரம் நெறைய இருந்தும் லைப்ரரில புத்தகம் எடுக்குறது கொறஞ்சு போச்சு. 2009ல பால், மோசர்னு ரெண்டு பேர் நிறைய ஆய்வுகள ஒண்ணா தொகுத்து பாத்தப்ப வேலைல இருக்கவங்கள்ல 16 சதவீதம் பேருக்கு மனநல சிக்கல்னா வேலை இல்லாதவங்கள்ல அது 34 சதவீதம். அதனால எல்லா பழியயும் மென்பொருள் மேல போட முடியாது, வேலை இல்லாததே ஒரு பாரம். அந்த பாரத்தோட இருக்கவர் ஒரு நாளைக்கு பல தடவ தட்டுற கதவுல உள்ள ஆளே இல்லைங்கிறது தான் என் புகார்.

நாங்க என்ன பண்ணோம்னா, மொதல்ல அந்த ஷீட்ட மாத்தினோம். "நிலைமை"ன்னு ஒரே வரிசைல இருந்த நிராகரிப்ப ரெண்டு வரிசையா பிரிச்சோம், மனுஷன் படிச்சிட்டு சொன்னது, படிக்காம வந்தது. ஒரு மஞ்சள் மூணு வாரம் தாண்டினா அவரே மூடிடணும், கம்பெனி மூடுற வரைக்கும் காத்திருக்க கூடாது. பிரிச்சு முடிச்சப்ப மனுஷன் சொன்னதுங்கிற வரிசை காலியா இருந்துச்சு. ஒண்ணு கூட இல்ல. இத்தன மாசமா தன்ன பத்தி அவர் சேத்து வெச்சிருந்த தீர்ப்பு எதுக்குமே ஒரு மனுஷ சாட்சி கிடையாது. அத பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "அப்ப நான் இன்னும் ஃபெயில் ஆகல, பரீட்சையே எழுதல"ன்னார்.

ரெண்டாவது, எனக்கு தெரிஞ்ச ஒரு பேரோல் மேனேஜரம்மாகிட்ட அவர் ரெஸ்யூம குடுத்து, தயவு தாட்சண்யம் பாக்காம சொல்லுங்கன்னேன். அந்தம்மா தாட்சண்யமே பாக்கல. "என்ன வேலை பண்ணீங்கன்னு எழுதிருக்கீங்க, எவ்ளோ பேருக்கு பண்ணீங்கன்னு எங்க? எந்த மென்பொருள்? பழைய சிஸ்டத்துல இருந்து புதுசுக்கு மாத்தினீங்களே, அத ஏன் கடைசி வரில ஒளிச்சு வெச்சிருக்கீங்க? அப்பாவ பாத்துக்கிட்டத ஏன் மறைக்கிறீங்க, ஒரு வரி எழுதுங்க சார், நான் படிச்சா மதிப்பேன்." அர மணி நேரம் கிழிச்சிருக்காங்க. நான் பயந்துட்டு இருந்தேன். மனுஷன் போன் பண்றார், குரல்ல அவ்ளோ உற்சாகம், "மேடம், கிழிச்சு தொங்க விட்டுட்டாங்க!" இந்த கேஸ்ல அவர் சந்தோஷமா பேசி நான் கேட்டது அதான் முதல் தடவ. வலி "வேணாம்"ல இல்லைங்கிறதுக்கு இத விட என்ன ஆதாரம் வேணும்?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரே கிளிக்ல அப்ளை பண்ற வசதி வந்த பிறகு, இப்ப ஏஐ வெச்சு ஒரே ராத்திரில நூறு இடத்துக்கு அனுப்புற வசதியும் வந்த பிறகு, ஒரு ரெக்ரூட்டர் மேசைல ஆயிரக்கணக்குல குவியுது, ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து பதில் எழுதுறது நடக்காத காரியம். ஆனா வடிகட்டுறதுக்கு தான் அந்த சாக்கு செல்லும். படிக்காதத படிச்சோம்னு எழுதுறதுக்கு செல்லாது. 6 மாச இடைவெளி இருந்தா எடுக்க மாட்டோம்னா அத விளம்பரத்துலயே போடுங்க, அம்பது கட்டம் நிரப்ப வெச்சுட்டு கடைசி பக்கத்துல ஏன் கேக்குறீங்க? "இந்த பதில் தானியங்கி, உங்க ரெஸ்யூம யாரும் படிக்கல, இந்த கேள்வியில நின்னுடுச்சு"ன்னு ஒரு வரி எழுத செலவே கிடையாது. அப்படி ஒரு வரிய படிக்க அவமானமா இருக்கும்னு ஹெச்ஆர் நண்பர் ஒருத்தர் சொன்னார். யாருக்கு அவமானம்னு நான் கேட்டேன். வீடியோ வரைக்கும் வந்து மூஞ்சிய காட்டினவங்களுக்காவது ஒரு மனுஷன் பேர்ல பதில் போகணும், அவங்க ஆயிரக்கணக்குல இருக்க மாட்டாங்க.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமா வருது. ஐரோப்பாவுல தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் 2018ல இருந்தே அமல்ல இருக்கு, முழுக்க முழுக்க மெஷின் எடுத்த பெரிய முடிவுகள்ல ஒரு மனுஷன் தலையிடணும்னு கேக்க அதுல உரிமை உண்டு. நியூயார்க் நகரத்துல 2023 ஜூலைல இருந்து இந்த மாதிரி கருவிய பயன்படுத்துறதா இருந்தா பாரபட்சம் இருக்கான்னு தணிக்கை பண்ணணும், விண்ணப்பிக்கிறவங்களுக்கு 10 வேலை நாள் முன்னாடி சொல்லணும். சொல்லணும்னு தான் சட்டம், ஏன் கழிச்சோம்னு விளக்கணும்னு இல்ல. அந்த "ஏன்" தான் என்கிட்ட வர்றவங்க கேக்குற ஒரே விஷயம்.

அவருக்கு கடைசில வேலை கெடச்சுது, போர்ட்டல் வழியா இல்ல. பழைய கம்பெனில இவர் கூட வேலை பாத்தவர் வேற இடத்துல இருந்தார், திருத்தின ரெஸ்யூம அவர் மூலமா நேரா மேனேஜர் கைல குடுத்தார். மேனேஜர் முதல்ல கேட்டதே இடைவெளிய பத்தி தான், இவர் ரெண்டு வரில சொன்னார், "அப்பா இப்ப எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டாராம், இல்லைன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் அத பத்தி பேசிட்டு தான் வேலை பேச்சுக்கு வந்தாராம். முதல்ல ஒப்பந்த வேலை, அப்புறம் நிரந்தரம். தெரிஞ்சவங்க மூலமா போறது நியாயமான வழியான்னு கேட்டா, தெரிஞ்சவங்க இல்லாதவங்களுக்கு அது அநியாயம் தான், எனக்கு அதுல எந்த பெருமையும் இல்ல.

இப்ப அவர் டீமுக்கே ஆள் எடுக்குறாங்க. விண்ணப்ப பக்கத்த சரி பாக்க சொல்லி ஹெச்ஆர் அவருக்கு அனுப்ப, உள்ள அதே 6 மாச கேள்வி, அதே ரெண்டு பட்டன். யார் போட்டதுன்னு கேட்டிருக்கார். யாரும் போடலையாம், மென்பொருள் கூடவே வந்த டெம்ப்ளேட்டாம். எடுத்துடுங்கன்னு எழுத்துல குடுத்துட்டார். மென்பொருள் வித்த கம்பெனி கிட்ட புகார் டிக்கெட் போட்டிருக்காங்களாம், அதுக்கு வந்த ஒப்புகை மெயிலும் தானியங்கி தான், எனக்கு ஃபார்வர்ட் பண்ணி சிரிச்சு வெச்சிருந்தார்.